மேடை கிடைத்தது, வாசகன் எங்கே?

ஊருக்கு ஓர் எழுத்தாளன் என்றிருந்த காலம் மாறி, தெருவுக்கு ஓர் எழுத்தாளன் என்றாகியிருக்கிறது. மகிழ்ச்சி! ஏடு தொட்டால் தீட்டு என்று விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஏடு எழுதுகிறார்கள். ஏர் பிடித்தவன் மகன் கவிதை தீட்டுகிறான். துணி வெளுத்தவள் மகள் கதை புனைகிறாள். இதைக் கண்டு மகிழாதவன் நம் பக்கத்து ஆளே அல்லன்.

ஆனால் தோழர்களே, எழுத வந்த அந்த இளைஞனை வாயிலிலேயே வழிமறித்து, காதோடு காதாக ஓர் உபதேசம் நடக்கிறது. "எழுதினால் மட்டும் போதுமா தம்பி? ஊருக்குத் தெரிய வேண்டாமா? நாலு மேடை ஏற வேண்டாமா? பெரிய மனிதர் நாலு பேர் கையால் பொன்னாடை போர்த்திக்கொள்ள வேண்டாமா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. எழுதுபவன் படிக்கப்பட வேண்டும் என்று ஆசைப்படுவதில் குற்றமென்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பெட்டியில் பூட்டி வைப்பதற்காக எவனும் எழுதுவதில்லை. நாம் கேட்பது வேறு. தெரிந்துகொள்ளப்படுவதும் படிக்கப்படுவதும் ஒன்றுதானா?

நூல் வெளியீட்டு விழா ஒன்றுக்குச் சென்று பாருங்கள். வாயிலில் ஆளுயரப் பேனர்; அதில் ஆசிரியர் கைகட்டி நிற்கிறார். மண்டபத்தில் வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. உரைக்குப் பஞ்சமில்லை, நூலைப் பற்றிய உரைதான் இல்லை. "நேரமின்மையால் நூலை முழுமையாகப் படிக்க இயலவில்லை, எனினும்" என்று தொடங்குகிறார் முதல் பேச்சாளர். இரண்டாமவர் அட்டைப் படத்தைப் பாராட்டுகிறார். மூன்றாமவர் ஆசிரியரின் அப்பா தமக்கு எப்படிப் பழக்கம் என்பதைச் சொல்லி முடிக்கிறார். முதற்படியைப் பெற்றுக்கொள்பவர் அதைக் கைப்பேசிப் படத்துக்காக உயர்த்திப் பிடிக்கிறார். பிறகு நாற்காலியிலேயே மறந்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறார். ஆறு உரைகளும் முடிந்தபின் அந்த மண்டபத்தில் அந்த நூலின் மூன்றாம் பக்கத்தைக் கண்டவர் எத்தனை பேர் என்று எண்ணினால், ஒரு கை விரல்களே அதிகம்.

இதற்கு ஆகும் செலவு யாருடையது? எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர், முதல் கவிதைத் தொகுப்பை அச்சிட முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் ஒரு பதிப்பகத்தார். கிடைத்தவை முந்நூறு படிகள். விற்றவை நாற்பதுக்கும் கீழே. அவற்றிலும் பாதி, உறவுக்காரர்கள் மொய் எழுதுவதுபோல் வாங்கியவை. எஞ்சிய கட்டுகள் அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அந்த முப்பத்தைந்தாயிரம் அவருடைய அம்மாவின் கழுத்திலிருந்து அடகுக்கடைக்குப் போன சங்கிலி. பதிப்பகத்தாரின் அடுத்த உபதேசம் என்ன தெரியுமா? "புத்தகம் போகவில்லை என்றால் உங்கள் முகம் இன்னும் வெளியே தெரியவில்லை என்று பொருள். விருது ஒன்று ஏற்பாடு செய்வோம். நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்." உழவனிடம் விதைக்கும் காசு வாங்கி, விளைச்சலுக்கும் காசு வாங்கி, விளையாமற்போனால் உன் முகராசி சரியில்லை என்று சொல்லும் வணிகத்தை வேறெந்தத் தொழிலிலாவது கண்டிருக்கிறீர்களா? சோதிடன்கூட பரிகாரத்துக்குப் பின் வாயை மூடிக்கொள்கிறான்!

இந்த நோய் புதியது என்று எண்ண வேண்டா. பழைய நோயின் புதிய சட்டை இது.

முன்பு புலவனுக்கு அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது. கோயில் மண்டபத்திலோ மடத்திலோ வித்துவான்கள் கூடுவர், நூல் படிக்கப்படும், அவர்கள் தலையசைத்தால் அது நூல். அச்சு வந்த பிறகு, நூலின் முகப்பில் சிறப்புப்பாயிரங்கள் அடுக்கப்பட்டன. நண்பர்களும் மாணவர்களும் ஆசிரியரைப் போற்றிப் பாடிய பாட்டுகளைத் தாண்டித்தான் சில நூல்களின் முதல் வரிக்கே போய்ச்சேர முடியும். இன்றைய அணிந்துரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் அதன் வாரிசுகள். யாப்பு மட்டும் போய்விட்டது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கடல் போன்ற புலமை. நினைத்த மாத்திரத்தில் பாட்டாய்ப் பொழியும் நாவன்மை. 1876-இல் மறைந்த அவர் பாடி வைத்தவற்றில் தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேல். ஏன் அத்தனை தலபுராணம்? ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள், பாடினார். எங்கள் ஊர்க் கோயிலுக்கும் ஒன்று என்றார்கள், பாடினார். மடமும் செல்வரும் தாங்கிப் பிடித்தும் அவர் குடும்பம் கடனில்தான் தத்தளித்தது. இன்று அந்தப் புராணங்களை ஆராய்ச்சி மாணவர் தவிர யார் புரட்டுகிறார்கள்? அவருக்குப் புரவலர் இருந்தார்கள்; அவையிருந்தது; புகழிருந்தது. படிப்போர் என்ற ஒரு கூட்டம் மட்டும் அன்று பிறக்கவே இல்லை. எழுத்தறிவை ஒருசிலர் கொல்லையில் கட்டி வைத்திருந்த நாட்டில் அது எப்படிப் பிறக்கும்? குற்றம் அவர்மேல் இல்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடினார். அதற்குச் சிறப்புப்பாயிரம் தர இதே மகாவித்துவான் முதலில் தயங்கினார். சொற்பிழையும் இலக்கண வழுவும் அவர் கண்ணை உறுத்தின. பிறகு பாரதியார் பாடக் கேட்டு, மனம் நெகிழ்ந்து கொடுத்தார் என்பது அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்த செய்தி. வித்துவானின் சான்றிதழுக்குக் காத்திராமல் நந்தன் கதை நாவிலிருந்து நாவுக்குப் பரவியது. பண்ணையாள் படும் பாட்டைப் பாட்டில் கேட்க மக்கள் கூடினார்கள். (அடிமைப்பட்டவன் தீயில் இறங்கித்தான் தூய்மை பெற வேண்டும் என்னும் அந்தக் கதையின் முடிவு நமக்கு உடன்பாடன்று. அது தனிச்சண்டை, இன்னொரு நாள் போடுவோம்.)

1887-இல் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டினார். நூல் வருமுன் பணம் கொடுத்தவர்கள் அதை விரும்பியவர்கள் என்றாவது சொல்லலாம். இன்றைய முறையில் நூல் வருமுன் பணம் கொடுப்பவன் ஆசிரியன் ஒருவனே! நூற்று முப்பது ஆண்டுகளில் நாம் முன்னேறிய முன்னேற்றம் இது.

பாரதியாரின் கணக்கு எப்படி இருந்தது? 1920-இல் அவர் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் படியாக வெளியிடத் திட்டமிட்டு, பொருளுதவி கேட்டு அறிக்கை விட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதுபோல் வீட்டுக்கு வீடு தம் நூல் போக வேண்டும் என்பது அவர் கனவு. பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார். 1949-இல் அரசு அவருடைய எழுத்துகளின் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. உயிரோடிருந்தபோது ஒரு தீப்பெட்டி அளவுக்கும் விலைபோகாதவருக்கு மறைந்தபின் மணிமண்டபம்! அவருடைய எல்லாக் கருத்துகளையும் ஏற்பவர்கள் அல்லர் நாம். ஆனால் அவர் கண் தேடியது மண்டபத்தை அன்று, வீட்டுத் திண்ணையை. அந்த வகையில் இன்றைய பேனர்க் கவிஞர்களைவிட அவர் நமக்கு அண்மையில் நிற்கிறார்.

சரி, இவை பழங்கதைகள். இன்றைய இளைஞன்முன் விரிக்கப்படும் வலைகளிலேயே மிக நைசானது ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் நூல் வந்து மூன்றாம் மாதம், விற்காத கட்டுகளைப் பார்த்து அவன் சோர்ந்திருக்கும்போது, சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள். எந்தச் சங்கம்? பெயர் எதுவாகவும் இருக்கலாம். பேரவை, முன்னேற்றக் கழகம், அறக்கட்டளை. உள்ளே இருப்பது சாதி. "நம்மவர் ஒருவர் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டோம். மாநாட்டில் உங்களுக்கு விருது. நூறு படி நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்கிறார்கள். நூறு படி! பரணில் பாதி காலி! அம்மாவின் சங்கிலியில் மூன்று கண்ணி மீட்கலாம். மறுக்க மனம் வருமா?

வாங்கிய கையோடு அவன் எழுத்துக்கு ஒரு வேலி விழுகிறது. அடுத்த கதையில் அவனுடைய ஊர்ப் பெண் அடுத்த தெருப் பையனை விரும்பினால், அவர்களை எப்படி வாழ வைப்பான்? "நம்மவர்" ஒருவர் பண்ணையாளைச் செருப்பு தூக்கச் சொன்னதை எப்படி எழுதுவான்? எழுதினால் விருது தந்த கை கல்லெடுக்கும். எழுதாவிட்டால் அவன் பேனாவைச் சங்கத்துக் கணக்கப்பிள்ளையின் பேனாவோடு மாற்றிக்கொள்ளலாம். கைதட்டல் ஆயத்தமாக, கட்டாக, மலிவாகக் கிடைக்கும் இடம் இந்த நாட்டில் சாதி ஒன்றுதான். அந்த மலிவே ஆபத்து. அங்கே கூடுகிறவர்கள் அவன் எழுத்துக்காகக் கூடவில்லை. அவன் அப்பாவின் பெயருக்காகக் கூடுகிறார்கள். அவர்களை வாசகர்கள் என்று கணக்கெழுதுவது, கோயில் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தை என் கூட்டம் என்று பலூன் விற்பவன் சொல்வதற்கு நிகர்.

இந்த வலையை அறுத்தெறிந்தவர் ஒருவரை நாம் மறக்கலாகாது. 1936-இல் லாகூரில் ஒரு மாநாடு. நடத்துவோர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்னும் அமைப்பினர். சாதியை ஒழிப்பதே தம் நோக்கம் என்று பெயரிலேயே பறைசாற்றிக்கொண்டவர்கள். தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தார்கள். அவர் தலைமையுரையை எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டார். படித்துப் பார்த்தவர்கள் நடுங்கினார்கள். வேதங்களைப் பற்றிய பகுதியை நீக்குங்கள், இந்து மதத்தை விட்டு வெளியேறுவேன் என்பதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். ஒரு காற்புள்ளியையும் மாற்ற மாட்டேன் என்று மறுத்தார் அம்பேத்கர். மாநாடே நின்றது. மேடை போயிற்று; தலைமை போயிற்று; மாலை போயிற்று.

பிறகு என்ன செய்தார்? அந்த உரையைத் தம் செலவில் நூலாக வெளியிட்டார். 1,500 படிகள். இரண்டே மாதத்தில் தீர்ந்தன! குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்தது. தமிழில் அதைக் கொண்டுவந்தது ஈரோட்டுக் குடி அரசு. காந்தியார் தம் ஹரிஜன் ஏட்டில் அந்நூலை மறுத்து எழுதினார். எழுதும்போதே, எட்டணா விலை அதிகம், இரண்டணாவாகவோ நாலணாவாகவோ குறைக்கலாம் என்றும் சொன்னார். எதிர்ப்பவரே விலையைக் குறைத்து ஊரெல்லாம் பரப்பச் சொல்லும்படி ஒரு நூல்! 1937-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் காந்தியாரின் மறுப்பையும் உள்ளே சேர்த்து அச்சிட்டார். அதன் பின்னே தம் விடையையும் வைத்தார். தீர்ப்பு படிப்பவன் கையில். லாகூர் மேடையில் அவர் ஏறியிருந்தால் ஒரு மாலைப்பொழுது சில நூறு பேர் கேட்டிருப்பார்கள். ஏறாததால் இன்றும் படிக்கிறார்கள்.

"அவர் அம்பேத்கர், நான் சாதாரணமானவன்" என்று ஒரு தோழர் முணுமுணுப்பது கேட்கிறது. நல்லது. பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமில்லாத ஒருவரைச் சொல்கிறோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பிறப்பு 1883. பொட்டுக்கட்டும் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்டவர். அதை ஒழிக்க ஊர் ஊராக நடந்து, வீடு வீடாகப் பேசி, வசையும் கல்லும் ஏற்றவர். 1936-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்" என்னும் புதினத்தை வெளியிட்டார். அந்த நூல் அச்சாகுமுன்பே அதைப் படிக்கப் போகிறவர்களை அவர் சந்தித்துவிட்டார். அவர்கள் அழுததைக் கேட்டிருந்தார். அவர்கள் ஏசியதையும் கேட்டிருந்தார். எவர் எந்தப் பக்கத்தில் கண் நனைப்பார், எவர் எந்தப் பக்கத்தில் பல்லைக் கடிப்பார் என்பது அவருக்குத் தெரியும். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது, அந்தப் புதினமும் அது கிளப்பிய பேச்சும் அதற்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய "முகம் வெளியே தெரிந்தது" உண்மைதான். ஆனால் பேனரில் இல்லை, வெயிலில்!

முகத்தை மறைத்துக்கொண்டு வாசகரைப் பெற்றவர்களும் இருந்தார்கள். அண்ணா சௌமியன் என்றும் பரதன் என்றும் எத்தனை பெயர்களில் எழுதினார்! எழுதியவர் யாரென்று தெரியாமலே பலர் படித்தார்கள், வாதிட்டார்கள். முடிதிருத்தகத்திலும் தேநீர்க்கடையிலும் மிதிவண்டிக் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் அன்று வாசகனானான். ஓர் ஏடு விற்றால் ஒருவர் படித்தார் என்று அக்காலக் கணக்கைப் போடவே முடியாது. படிப்பகம் என்ற பெயரில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலு ஏடு, அவ்வளவுதான் முதல். பெரியார் கூட்டத்தில் பேசி முடித்ததும் மலிவுவிலைப் புத்தகம் விற்பனைக்கு இருக்கும். கேட்டவன் கையோடு வாங்கிப் போய், பேச்சில் கேட்டது சரிதானா என்று வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். "நான் சொல்வதை நம்பாதே, சிந்தித்துப் பார்" என்னும் பாங்கு அந்த விற்பனையிலேயே இருந்தது.

புதுச்சேரியில் கனகசுப்புரத்தினம் என்றொரு பள்ளி ஆசிரியர். (எங்கள் தொழிற்காரர் என்பதால் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.) பாரதிதாசன் என்று நாடறிந்த அவருக்கு 1946-இல் 25,000 ரூபாய் பொற்கிழி வழங்கப்பட்டது, அண்ணா முன்னின்று திரட்டியது. அதுவும் விழாதான், அங்கும் மேடையுண்டு, மாலையுண்டு. விழாவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. அங்கே பணம் எந்தத் திசையில் பாய்ந்தது என்று மட்டும் பாருங்கள். படித்தவர்களிடமிருந்து எழுதியவருக்கு! இன்று அது எழுதியவனிடமிருந்து மண்டபக்காரருக்கும் பேனர்க்காரருக்கும் பாய்கிறது.

படிக்காத கூட்டத்துக்குப் பெயர் மட்டும் தெரிந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010-இல் வந்த நூல். நான்காண்டு அமைதியாகப் படிக்கப்பட்டது. 2014 இறுதியில் சில பக்கங்கள் மட்டும் படியெடுத்து ஊரில் சுற்றுக்கு விடப்பட்டன, ஊர் கொதித்தது, நூல் கொளுத்தப்பட்டது. 2015 சனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. அந்த வாரம் தமிழ்நாட்டில் அவரைவிடப் "பிரபலமான" எழுத்தாளர் எவருமில்லை! விரும்புகிறவர்கள் அந்தப் பிரபலத்தை எடுத்துக்கொள்ளலாம். அவரை மீட்டது எது? எழுத்தாளர் அமைப்பு ஒன்று நீதிமன்றப் படியேறியது. நூலை முழுமையாகப் படித்தவர்கள் பேசினார்கள், எழுதினார்கள். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. முகத்தை அறிந்த ஆயிரம் பேர் கல்லெறிந்தாலும், பக்கத்தை அறிந்த நூறு பேர் இருந்தால் ஓர் எழுத்தாளன் பிழைத்துக்கொள்வான். அந்த நூறு பேரைத்தான் நாம் இன்று உண்டாக்காமல் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

உண்டாக்கும் வழி வானத்தில் இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அந்தப் பணத்தில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு எந்த நூல் வந்திருக்கிறது, எது வரவில்லை என்று போய்ப் பார்த்ததுண்டா? நூலின் கடைசிப் பக்கத்தில், திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் சிறுதாள் ஒட்டியிருக்கும். என் மாணவர்களை அழைத்துச் சென்றபோதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பட்டங்கள் பத்து சுமந்த பெரியவரின் தடித்த நூலில் அந்தத் தாள் சலவைத் துணிபோல் வெளுத்திருக்கிறது. பெயர் கேள்விப்படாத யாரோ ஒருவரின் கிழிந்த சிறுகதைத் தொகுப்பில் முத்திரை குத்த இடமில்லாமல் இரண்டாவது தாள் ஒட்டியிருக்கிறார்கள். எந்த விருதுக்குழுவும் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை.

எழுதுகிற தோழனுக்கு ஒரு சொல். முப்பத்தைந்தாயிரத்தைப் பதிப்பகத்தாரிடம் கொட்டாதே. பதினாறு பக்கச் சிறுநூலாகப் போடு. தேநீர் விலைக்குக் கொடு. கொடுத்த ஊருக்கு மறுவாரம் போய், படித்தாயா, எங்கே பிடிக்கவில்லை என்று கேள். ஏசுவார்கள், குறித்துக்கொள். அடுத்த நூல் அந்த ஏச்சுக்கு விடையாக வரட்டும்.

படிப்பகத் தோழர்களுக்கும் ஒன்று. அடுத்த வெளியீட்டு விழா அழைப்பிதழ் வந்ததும் ஒரு படி வாங்கி, ஐந்து பேர் மாற்றி மாற்றிப் படித்து முடியுங்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு செல்லுங்கள். நன்றியுரைக்கு முன் பத்து நிமிடம் கேளுங்கள். கொடுத்தால் நல்லது. நேரமில்லை என்று மறுத்தால் சண்டை வேண்டா. மண்டபத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை கட்டாயம் இருக்கும். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை காத்திருந்து, ஆசிரியரை அங்கே அழைத்து வாருங்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வரச்சொல்லுங்கள். பெஞ்சில் இடம் போதாது.